காளிக்கு விட்டுப்போன காட்சி

அக்டோபர் கடைசியில், கேரளத்து இடுக்கி மலையிலிருக்கும் எங்கள் வட்டவடைக்குத் தவறாமல் வருவது இரண்டு. ஒன்று துலாமழை. இன்னொன்று, கோவிலூரில் வண்டியை விட்டு இறங்கியதும் "இங்க ஹாலோவீனுக்கு ஏதாச்சும் ஷோ உண்டா?" என்று விசாரிக்கும் பட்டணத்துப் பிள்ளைகள். பேய் வேண்டும், பாட்டு வேண்டும், பயமும் வேண்டும். ஆனால் ராத்திரி தனியாகக் கக்கூசுக்குப் போக முடியாத அளவுக்கு வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. பூசணிக்காயில் கண்ணும் பல்லும் வரைந்து தொங்கவிடுவதைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். அதை நாங்கள் புது வீடு கட்டினால் வருஷம் முழுக்கத் தொங்கவிடுகிறோம். அதற்கென்று தனியாக ஒரு தேதி வைத்ததில்லை.

ஒன்றுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தருவேன். டிராகுலா இந்தப் பக்கம் வரமாட்டார். இங்கே பூண்டு காயாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். போதாததற்கு 2022இல் காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்துவிட்டார்கள். சாதாரணப் பூண்டுக்கே ஓடுகிற மனுஷன், அரசாங்க முத்திரை குத்திய பூண்டுக்கு எப்படி ஓடுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிராகுலாவின் நாடகப் பிரவேசமே பரிதாபமானது. பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரில் மேனேஜர். தன் நாவலை வேறு எவனாவது நாடகமாகப் போட்டுக் காசு பார்த்துவிடக்கூடாதே என்று, புத்தகம் வெளிவரும் முன்பே 1897 மே 18ஆம் தேதி அதை மேடையில் ஒருதரம் வாசிக்க வைத்து உரிமையைப் பத்திரப்படுத்திக்கொண்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்கள். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்பார்கள். தியேட்டர் முதலாளியும் பெரிய நடிகருமான ஹென்றி இர்விங், எப்படி இருந்தது என்று கேட்டதற்குப் "படு மோசம்" என்றாராம்.

ஆளில்லாத கொட்டகையில் ஒரே ஒரு நாள் நாடகம் போட்டதற்கு இத்தனை சரித்திரம். எங்கள் மாநிலத்தில் ஒரு நாடகம் தலைமுறை தலைமுறையாக ஆளில்லாமல்தான் நடக்கிறது. ஒரு ராத்திரி இரண்டு ராத்திரி இல்லை, சில கோயில்களில் இருபத்தொரு ராத்திரி. அதுவும் கம்பன் தமிழில். அதைச் சொன்னால் பட்டணத்துப் பிள்ளைகள் "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டுக் கட்டஞ்சாயா குடிக்கப் போய்விடுகிறார்கள். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

வட்டவடையிலிருந்து மூணாறு, அடிமாலி என்று மலையிறங்கினால் கோதமங்கலம், மூவாற்றுப்புழை. இடுக்கி, எறணாகுளம், கோட்டயம் பக்கத்துக் காளி கோயில்களில் ஆடுவது முடியேற்று. இன்னொரு பக்கம் மறையூர், சின்னார், உடுமலை, பொள்ளாச்சி என்று போனால் பாலக்காடு. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைச் சுற்றவேண்டும். அதை இங்கே யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அங்கே பாரதப்புழைக் கரையோரப் பகவதி கோயில்களில் நடப்பது தோல்பாவைக்கூத்து. இரண்டையும் ஆராய்ச்சியாளர்கள் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். என் கட்சி வேறு. இரண்டும் ஒரே பெண்ணின் கதை. முதல் பாகம் முடியேற்று, இரண்டாம் பாகம் பாவைக்கூத்து.

முதல் பாகம் ஒரு வரத்தில் ஆரம்பிக்கிறது. தாருகன் என்ற அசுரன் தவம் கிடந்தான். பிரமன் வந்தார். பிரமனுக்கு நாலு தலை இருந்து என்ன பிரயோசனம், ஒருத்தனுக்கு வரம் கொடுக்கும்போது ஒரு தலையாவது யோசித்ததாகப் புராணத்தில் எங்கேயும் இல்லை.

"எந்த ஆம்பளையாலயும் எனக்குச் சாவு வரக்கூடாது" என்றான் தாருகன்.

"சரி."

"என் ரத்தம் ஒரு சொட்டு மண்ணுல விழுந்தா, அதுலேர்ந்து ஆயிரம் பேரு கிளம்பணும்."

"சரி. பொம்பளையாலயும் சாவு வேண்டாம்னு சேத்துக்கிடவாப்பா?"

"பொம்பளையாலயா! நல்லாக் கேட்டீங்க சாமி. நீங்க கிளம்புங்க."

பிரமன் நாலு வாயையும் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த ஒரு பதிலால் பிற்காலத்தில் கேரளத்தில் எத்தனை கோயில், எத்தனை குடும்பத்துக்குப் பிழைப்பு என்று பார்த்தால், தாருகனுக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும்.

வரம் வாங்கியவன் சும்மா இருப்பானா? மூன்று உலகத்திலும் அட்டகாசம். நாரதர் எல்லாவற்றையும் ஓலையில் எழுதிக்கொண்டு சிவனிடம் போய்ப் படித்துக் காட்டினார். முடியேற்றில் இன்றைக்கும் முதல் காட்சி இதுதான். சிவன் காளைமேல் எழுந்தருள, நாரதர் ஓலையைப் படிப்பார். ஓலை முடிவதற்குள் சிவனுக்கு நெற்றிக்கண் திறந்துவிட்டது. அந்தக் கண்ணால் மன்மதன் எரிந்துபோனதை எல்லாரும் சொல்வார்கள். அதே கண்ணிலிருந்து ஒரு மகள் பிறந்ததைக் கேரளத்தில்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். பிறந்த அன்றைக்கே வேலை. தொட்டில், தாலாட்டு, பேர் வைப்பு ஒன்றும் கிடையாது. "போம்மா, போய்த் தாருகனை முடிச்சிட்டு வா."

அந்த மகள்தான் காளி. அவளுக்கு வாகனம் வேண்டும். வேதாளம் ஒத்துக்கொண்டது. வயிறு நிறைய ரத்தம், அவ்வளவுதான் அதன் நிபந்தனை. சண்டையில் அது தன் நாக்கை ஜமக்காளம்போல் விரித்துப் போட்டுக்கொண்டதால் தாருகனின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட மண்ணைத் தொடவில்லை. ஆயிரம் தாருகன் கிளம்பும் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. பேய்களுக்கு இவ்வளவு உருப்படியான வேலை கொடுத்த கதை மேல்நாட்டில் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நடுவில் தாருகன் பெண்டாட்டி மனோதரி, புருஷனைக் காப்பாற்றச் சிவனிடமே போய் நின்றாள். சிவன் யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லிப் பழகாதவர். கையில் ஒன்றுமில்லை. உடம்பு வியர்வையை வழித்துக் கொடுத்து, "இதைத் தெளி, போ" என்று அனுப்பினார். அவள் அதைக் காளிமேல் தெளித்தாள். அம்மை போட்டுவிட்டது. மகளுக்கே அம்மை வரவைத்த அப்பன் பதறிப்போய்க் கண்டாகர்ணன் என்று ஒருவனைத் தன் காதிலிருந்து உண்டாக்கி அனுப்பினார். அவன் வைத்தியம், முத்தை நாக்கால் நக்கியே எடுப்பது. உடம்பு முழுக்க நக்கி எடுத்துவிட்டான். முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். உடன்பிறந்தவள் முகத்தில் வாய் வைப்பது முறையில்லையாம்! உடம்பெல்லாம் முடித்தவனுக்கு முகத்தில் வந்த அந்தத் திடீர்க் கூச்சத்தை எந்தப் பௌராணிகரும் எனக்கு விளக்கவில்லை. ஆக முகத்தில் முத்து நின்றுவிட்டது. முடியேற்றில் காளி வேஷக்காரரின் கரிய முகத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து ஒவ்வொரு புள்ளியாக வைப்பது அதற்காகத்தான். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஹாலோவீனுக்கு ரப்பர் முகமூடி மாட்டுவது அரை நிமிஷ வேலை. இந்தச் சுட்டி குத்த மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் கிடக்கவேண்டும்.

2010இல் யுனெஸ்கோ முடியேற்றைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்களா என்பதே என் கவலை. முன்வரிசை ஆபத்து. அரிசிமா, மஞ்சள், பச்சிலை, உமிக்கரி என்று பொடிகளால் தரையில் காளியின் களம் வரைந்து, பாடி, அதை அழித்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். அதன்பிறகு மேடை என்று ஒன்று கிடையாது. பலாமரத்தில் செதுக்கிய கனத்த முடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, காளி தாருகனைக் கோயில் முற்றத்தில் சனங்களுக்கு நடுவே துரத்துவாள். தீவட்டியில் பொடியை எறிவார்கள். குப்பென்று நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும். செண்டைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவன் கத்துவது கேட்காது. நீங்கள் பார்வையாளரா, தாருகன் படையா என்பது காளிக்கு அந்த நேரத்தில் முக்கியமில்லை. வேகம் எல்லை மீறினால் முடியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் அடங்கும் என்று நம்பிக்கை. கடைசியில் தாருகன் தலையை வெட்டுவதில்லை, அவன் கிரீடத்தை எடுத்துக்கொள்வாள். நடிகருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதல்லவா.

காளியிடம் தப்பினாலும் கூளியிடம் தப்ப முடியாது. கூளி, காளியின் கூட்டத்துப் பேய். உடம்பெல்லாம் கரி, மார்பில் இரண்டு மொந்தை, நிறைமாத வயிறு, உள்ளே ஓர் ஆம்பளை. அது கூட்டத்துக்குள் புகுந்து, கையில் அகப்பட்டவரை மடியில் இழுத்துப் போட்டுப் பால் கொடுக்கப் பார்க்கும். ஊர்ப் பெரிய மனுஷர், வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், எதுவும் காப்பாற்றாது. பயந்து அழும் பிள்ளையை அப்பா தூக்கிச் சமாதானப்படுத்தினால், அடுத்து அப்பாவைப் பிடிக்கும். லண்டனில் ‘கறுப்புடைப் பெண்’ என்ற பேய் நாடகம் 1989இலிருந்து 2023 வரை ஒரே தியேட்டரில் ஓடியது. அந்தப் பேய் யாரையும் மடியில் போட்டுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த மாதிரி முடியும் சுட்டியும் இல்லாமலே ஒருவர் ஊரைக் கதிகலங்க வைத்தார். அதையும் சொல்லாமல் போனால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாடகக்காரர் சங்கரதாஸ் சுவாமிகள், பிறப்பு 1867. எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் எல்லாம் அவருக்கென்றே படைத்த வேஷங்கள். சனீஸ்வரனாக நடித்துவிட்டு விடிகாலையில் வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனாராம். துறைக்கு வந்த ஒரு பெண் அந்த அரையிருட்டில் அவரைப் பார்த்து விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்று ஒரு கதை. அவர் வேஷத்தைப் பார்த்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்று இன்னொரு கதை. நாடகக்காரர்கள் இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அதன்பிறகு மனுஷர் அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டு, எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்துவிட்டார். 1918இல் மதுரையில் பையன்களை வைத்துக் கம்பெனி ஆரம்பித்தார். பத்து வயசுப் பையன் மீசை ஒட்டிக்கொண்டு எமனாக வந்தால் எந்தக் கர்ப்பிணி பயப்படுவாள்? தூக்கிக் கொஞ்சத்தான் தோன்றும். ஜாக்கிரதையான ஏற்பாடு.

இப்போது இரண்டாம் பாகம்.

தாருகன் கதையை முடித்துவிட்டுக் காளி கைலாசத்துக்கு வந்தாள். கையெல்லாம் ரத்தம், காலெல்லாம் வலி. வந்த இடத்தில் தேவர்கள் எல்லாரும் வேறு ஒரு சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராமன் இப்படி விட்டானாம், ராவணன் தலை விழுந்து விழுந்து முளைத்ததாம், அனுமார் மலையையே பேர்த்துக்கொண்டு வந்தாராம்.

"என்னப்பா இது? எப்ப நடந்துச்சு?"

"நீ அங்க சண்டையில இருந்தப்பதாம்மா."

"எல்லாரும் பாத்தீங்களா?"

"வானத்துல இடமே இல்லம்மா. அவ்வளவு கூட்டம்."

"என்னைய மட்டும் வேலைக்கு அனுப்பிட்டு, நீங்கெல்லாம் வேடிக்கை பாத்தீங்க."

சிவன் ஆலகால விஷத்தை விழுங்கியவர். இதை விழுங்க முடியவில்லை.

இதையே பாலக்காட்டில் வேறு மாதிரியும் சொல்வார்கள். காளிதான் இலங்கையின் காவல் தெய்வமாக வாசலில் நின்றாளாம். அனுமார் வந்து ஓர் அறை விட்டதும் காவல் முடிந்து, சாபம் தீர்ந்து, கைலாசத்துக்குக் கிளம்பிவிட்டாள். போன பிறகுதான் ஊருக்குள் சண்டையே ஆரம்பித்தது. இத்தனை வருஷம் வாசலில் நின்றவளுக்குக் கடைசிக் காட்சி விட்டுப்போயிற்று. இரண்டு கதையும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் ராமாயணம் பார்க்கவில்லை என்ற வருத்தம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் அத்தையிடம் இதைச் சொன்னேன். "வேலைக்குப் போற பொண்ணு எந்தத் திருவிழாவை முழுசாப் பாத்திருக்கா" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

சிவன் ஒரு வழி சொன்னார். "நானே பூமியில கம்பனாப் பொறந்து ராமாயணத்தை எழுதறேன். உன் கோயில் முத்தத்துல வருஷா வருஷம் உனக்காகவே நடத்திக் காட்டச் சொல்றேன்." காளி ஒத்துக்கொண்டாள். ஆக, பாலக்காட்டுக் கணக்குப்படி கம்பன் எழுதியது சடையப்ப வள்ளலுக்காகவும் இல்லை, சோழனுக்காகவும் இல்லை. மகளைச் சமாதானப்படுத்த ஓர் அப்பன் எழுதியது. தமிழ்ப் பேராசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு எழுத இதைவிட நல்ல காரணம் அவர்களிடம் இருந்தால் கேட்கத் தயார்.

அதற்கென்றே கட்டியதுதான் கூத்துமாடம். கோயிலுக்கு வெளியே, அம்மனின் பார்வை படும்படி நிற்கும் நீளக் கொட்டகை. நாற்பத்திரண்டு அடித் திரை, மேலே வெள்ளை, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் இருபத்தொரு தேங்காய் மூடி, ஒவ்வொன்றிலும் எண்ணெய், திரி. கோயில் விளக்கிலிருந்து நெருப்பு வரும். கோயில் சாமியாடியான வெளிச்சப்பாடு வாளோடு வந்து ஆடி, அருள்வாக்குச் சொல்லி, பாவையாட்டும் புலவர்களை ஆசீர்வதித்துவிட்டுப் போவார். ஊர்க்காரர்களும் அவரோடேயே போய்விடுவார்கள். பிறகு பொழுது விடியும்வரை திரைக்கு இந்தப் பக்கம் நாய் ஒன்று படுத்திருந்தால் அது பாக்கியம்.

உள்ளே தேங்காயெண்ணெய்ப் புகை. நாலைந்து புலவர்கள். முள்ளால் திரையில் குத்தி நிறுத்திய ராமனும் லட்சுமணனும் அசையாமல் நிற்பார்கள். ஒருவர் கம்பன் பாட்டு ஒன்றைப் பாடுவார். அதற்குப் பொருள் சொல்ல ஆரம்பித்தால் இலக்கணம், ஜோசியம், உபகதை, அடுத்தவர் அதற்குக் குறுக்குக் கேள்வி, பதில், கிண்டல் என்று மணி இரண்டாகிவிடும். மேடையில் அம்பு பாய வேண்டிய நேரத்தில் உள்ளே ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சண்டை நடக்கும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைப் பார்த்து மிரண்டு, 1996இல் புத்தகமே எழுதினார். அவரை மிரட்டியது பேயில்லை. கேட்க ஒருத்தருமில்லாமல் இவ்வளவு தீவிரமாக ஒரு கூட்டம் விடியவிடியப் பேசுவதுதான்.

காரைக்குடியில் 1939இலிருந்து கம்பன் விழா நடக்கிறது. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, கும்பகர்ணனா வீடணனா என்று பட்டிமன்றம், நடுவர் நகைச்சுவை. கூட்டம் அம்மும். அதே கும்பகர்ணன் பாலக்காட்டில் நடுச்சாமத்தில் மான்தோலில் செத்து விழுகிறான், கைதட்ட ஒரு கை கிடையாது. தமிழ்நாட்டில் கம்பனுக்கு ரசிகர்கள் உண்டு, எனக்கு மறுப்பில்லை. ஆனால் யுத்தகாண்டத்தில் பாடுகிற பாட்டு ஒன்றையும் விடாமல், எழுந்து போகாமல், செல்போனைப் பார்க்காமல் கேட்கிற ஒரே ரசிகை மலையாளக் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பாரிஸ் ஓபரா பேயைப் பற்றிக் காஸ்தோன் லெரூ 1910இல் நாவல் எழுதினார்; ஆண்ட்ரூ லாயிட் வெபர் அதற்கு மெட்டுப் போட்டு 1986இல் லண்டனில் மேடையேற்றினார்; நியூயார்க்கில் அது 35 வருஷம் ஓடி 2023இல் நின்றது. அந்தப் பேயின் பெரிய கோரிக்கை என்ன தெரியுமா? ஐந்தாம் நம்பர் பெட்டி இருக்கையைத் தனக்கென்று காலியாக வைக்கவேண்டும். அதற்கே மேனேஜர்கள் அலறுகிறார்கள். பாலக்காட்டில் கொட்டகை முழுவதும் ஒரே ஆளுக்கு ரிசர்வ். யாரும் அலறவில்லை. போய்ப் படுத்துத் தூங்குகிறார்கள்.

புலவர்கள் மட்டும் சோர்ந்துவிடவில்லை. ஷொரணூர் பக்கத்துக் கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகள் ரஜிதா பெண்களை மட்டும் வைத்துக் குழு அமைத்திருக்கிறார். ஆம்பளைகளே ஆட்டிய பாவையைப் பெண்கள் ஆட்டுவதில் காளிக்கு ஆட்சேபம் இருக்க நியாயமில்லை, தாருகன் கதை அவளுக்கு ஞாபகம் இருக்கும். அதே 2021இல் பாலக்காட்டில் ரோபோவை வைத்துப் பாவையை ஆட்டிக் காட்டினார்கள். ரோபோ ராத்திரி முழுக்கத் தூங்காது, சம்பளம் கேட்காது. ஆனால் ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம் வம்பளக்க அதற்கு இன்னும் வரவில்லை.

ஆக, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு: அக்டோபரில் வந்தால் மழையும் பூண்டும்தான். எங்கள் பேய்கள் அறுவடை முடிந்து, தை மாசி பங்குனியில்தான் வேலைக்கு வரும். முடியேற்றுக்குப் போனால் பின்வரிசையில் நில்லுங்கள், ஓடத் தோதான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பாவைக்கூத்துக்குப் போனால் கம்பளி கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் பட்டர் என்கிற பிராமணப் பாவைகள் வந்து, காணிக்கை கொடுத்தவர்களை வாழ்த்திக் காளியிடம் சிபாரிசு செய்யும். சில்லறையும் பேரும் கொடுத்துவிட்டுத் தாராளமாகத் தூங்கலாம். உங்களுக்காகப் பேச உள்ளே ஆள் இருக்கிறது.